பெரிய ஆயில் கூலர் போட்டால் இன்ஜின் சூடு குறையுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ராயல் என்ஃபீல்டின் பிஎஸ்-6 இன்டர்செப்டர் 650 பைக் வைத்திருக்கிறீர்கள். வார நாளில் தாம்பரத்திலிருந்து கிண்டி வரை ஜிஎஸ்டி ரோட்டில் ஊர்ந்து போகிறீர்கள், மே மாதத்தில் தொடை வெந்துபோகிறது. லீவு கிடைத்தால் பின்னால் ஆளையும் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு ஹைவேயில் திருச்சி, மதுரை. கம்பெனி கொடுத்த ஆயில் கூலரை, அதாவது இன்ஜின் ஆயிலைக் காற்றில் ஆறவைக்கும் சின்ன ரேடியேட்டரை, கழற்றிவிட்டு, அதைவிட இரண்டு மடங்கு உயரமுள்ள யுனிவர்சல் கூலர் ஒன்றைப் போடலாமா, போட்டால் எப்படிப் போடுவது என்று கேட்கிறீர்கள்.

தொடை சுடுவதற்கு அது மருந்தல்ல. ஹைவே ஓட்டத்துக்குப் பயன் உண்டு, ஆனால் இரண்டு மடங்கு அளவு தேவையில்லை.

முதலில் டிராஃபிக். கூலர் என்பது காற்று ஓடினால்தான் வேலை செய்யும் சாமான். அதன் ஃபின்களுக்குள் (மெல்லிய உலோக இதழ்களுக்குள்) காற்றைத் தள்ளும் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 100 கிலோமீட்டர் வேகத்தில் கிடைக்கும் அழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்குதான் 10 கிலோமீட்டர் வேகத்தில் கிடைக்கும். பல்லாவரம் சிக்னலில் நின்றால் அதுவும் கிடையாது. அந்த நேரத்தில் கூலர் சின்னதாக இருந்தால் என்ன, பெரிதாக இருந்தால் என்ன? பெரிய கூலரில் உலோகமும் ஆயிலும் கொஞ்சம் அதிகம் என்பதால் சூடேற இன்னும் சில நிமிடங்கள் கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவுதான். போதாததற்கு, கூலரிலிருந்து கிளம்பும் சூடான காற்று நேராகப் பின்னால் இருக்கும் சிலிண்டர் மேலும் உங்கள் கால் மேலும்தான் வந்து விழுகிறது. இன்ஜின் வெளியே தள்ளும் மொத்தச் சூட்டைக் கூலர் குறைப்பதில்லை, வெளியேறும் இடத்தைத்தான் மாற்றுகிறது. அதிலும் தொடையில் நீங்கள் உணரும் சூட்டில் பெரும்பங்கு சைலன்சர் பைப்பிலிருந்தும் சிலிண்டர் ஹெட்டிலிருந்தும் வருவது, ஆயிலிலிருந்து அல்ல.

நகரச் சூட்டுக்கு நிஜமாகவே ஏதாவது செய்யவேண்டும் என்றால், இருக்கிற கூலருக்குப் பின்னால் ஒரு சின்ன 12 வோல்ட் விசிறி, அதற்கு ஒரு வெப்ப சுவிட்ச். பெரிய கூலரைவிட அது பலன் தரும். ஐடிலில் சார்ஜிங் குறைவு என்பதால் இரண்டு மூன்று ஆம்பியருக்கு மேல் இழுக்காத விசிறியாகப் பாருங்கள். கூடுதல் லைட்டுகளை ஏற்கெனவே மாட்டியிருந்தால் பேட்டரி பாவம், அதையும் கணக்கில் வையுங்கள்.

இப்போது ஹைவே. ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்ப்போம். கூலர் வழியாக நிமிடத்துக்கு 5 லிட்டர் ஆயில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிலின் அடர்த்தி லிட்டருக்குச் சுமார் 0.85 கிலோ. ஒரு கிலோவை ஒரு டிகிரி ஏற்ற ஏறக்குறைய 2.1 கிலோஜூல் வேண்டும், அதாவது தண்ணீருக்குத் தேவைப்படுவதில் பாதி. கூலருக்குள் போய் வரும் ஆயில் 10 டிகிரி குறைந்தால், அது வெளியே தள்ளும் சூடு சுமார் ஒன்றரை கிலோவாட். வீட்டு இஸ்திரிப் பெட்டியைவிடக் கொஞ்சம் அதிகம். மோசமில்லை. ஆனால் இதே கூலரை இரட்டிப்பாக்கினால் மூன்று கிலோவாட் கிடைக்காது. முதல் பாதியைக் கடந்து வரும் ஆயில் ஏற்கெனவே ஆறியிருக்கும், காற்றுக்கும் அதற்குமுள்ள வெப்ப வித்தியாசம் சுருங்கியிருக்கும், இரண்டாம் பாதிக்கு வேலை குறைவு. கூட்டிக்கொண்டே போகப் போக ஒவ்வொரு குழாய் வரிசையும் கொண்டுவரும் லாபம் தேய்ந்துகொண்டே வரும்.

அதேசமயம் நஷ்டம் தேய்வதில்லை, ஏறிக்கொண்டே போகும். ஏர்-கூல்டு இன்ஜினில் ஹெட்டையும் சிலிண்டரையும் ஆற்றும் முக்கிய வேலையைச் செய்வது காற்று. ஆயில் துணைக்குத்தான். இன்டர்செப்டரில் கம்பெனி கூலர் ஹெட்டுக்கு வழிவிட்டு ஒதுங்கி உட்கார்ந்திருப்பதைப் பாருங்கள். இரண்டு மடங்கு உயரத்தில் ஒன்றை அங்கே நிறுத்தினால், பின்னால் இருக்கும் ஃபின்களுக்குக் காற்று மறைந்துபோகும். வரும் கொஞ்சமும் கூலரில் சூடேறி வரும். இரட்டை சிலிண்டர் இன்ஜினில் இரண்டு சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் பகுதிக்கு இயல்பிலேயே காற்று குறைவு. சரியாக அதற்கு முன்னால்தான் பெரிய கூலர் போய் நிற்கும். ஆயில் வெப்ப மீட்டர் 95 டிகிரி காட்டி உங்களைச் சந்தோஷப்படுத்தும். எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றியுள்ள அலுமினியம் முன்னைவிடச் சூடாக இருக்கும். அந்த இடத்துக்கு மீட்டர் கிடையாது என்பதால் யாருக்கும் தெரிவதில்லை.

"சுசுகி பேண்டிட் 1200 பைக்கில் எவ்வளவு பெரிய கூலர் இருக்கிறது, பாருங்கள்" என்று சொல்லும் நண்பர் ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார். அந்த இன்ஜினின் வம்சம் வேறு. 1985-இல் சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர்750 வந்தபோது, ஆயிலைக் கொண்டே ஹெட்டை ஆற்றுவது என்று முடிவு செய்து அதற்காகவே இன்ஜினை வரைந்தார்கள். ஆயில் பம்ப்பில் இரண்டு அறைகள். ஒன்று பேரிங்குகளுக்கு அழுத்தத்தோடு ஆயில் தரும், இன்னொன்று அதிக அளவு ஆயிலை எரியறையின் மேற்பகுதி மேல் பீய்ச்சும். அவ்வளவு ஆயில் அவ்வளவு சூட்டை வாரிக்கொண்டு வருவதால்தான் பெரிய கூலர் தேவைப்பட்டது. நம் வண்டியின் பம்ப்பை மாற்றாமல் கூலரை மட்டும் மாற்றினால், கூலருக்கு வந்துசேரும் சூடு அதே அளவில்தான் இருக்கும்.

ஆகவே எதையும் வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள். ஆயிலுக்கு 90 முதல் 110 டிகிரி வரை நிம்மதியான இடம். நல்ல சிந்தெடிக் ஆயில் 120-ஐயும் தாங்கும். 130-ஐத் தாண்டி நெடுநேரம் ஓடினால்தான் கவலைப்படவேண்டும். ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயில் கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது ஆயில் துறையில் புழங்கும் கணக்கு. அளப்பதற்கு நல்ல வழி, டிரெய்ன் போல்ட்டில் (பழைய ஆயிலை இறக்கக் கழற்றும் போல்ட்) சென்சார் பதித்து வரும் மீட்டர். இன்ஜினுக்கு அடியில் அது எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள், வேகத்தடை நம் ஊரில் எந்த உயரத்தில் இருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. இன்ஃப்ராரெட் கன் வைத்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பளபளக்கும் அலுமினியத்தின் மேல் அடித்தால் அது காட்டும் எண் நிஜத்தைவிட ரொம்பக் குறைவாக இருக்கும். ஆயில் சம்ப்பின் (இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) பக்கவாட்டில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெப்பம் தாங்கும் மேட் கறுப்பு பெயின்ட் அடித்துவிட்டு, அதன் மேல் அடியுங்கள்.

ஒரு கத்திரி வெயில் நாளில், செங்கல்பட்டு தாண்டி திண்டிவனம் வரை முழுப் பாரத்தோடு நூறில் பிடித்து ஓட்டிப் பாருங்கள். 115-க்குள் நின்றுவிட்டால் இந்த வேலையே வேண்டாம். அந்தப் பணத்தில் இரண்டு தடவை நல்ல ஆயில் மாற்றிக்கொள்ளலாம்.

ஏறினாலும் உடனே கூலரிடம் போகாதீர்கள். சவுண்டுக்காக சைலன்சரை மாற்றி, ஏர் ஃபில்டரையும் திறந்துவிட்டு, எரிபொருள் மேப்பை (எவ்வளவு பெட்ரோல் விடவேண்டும் என்று இன்ஜின் கம்ப்யூட்டரில் உள்ள கணக்கு) தொடாமல் ஓட்டுகிற வண்டிகள் எத்தனை! கலவையில் பெட்ரோல் குறைந்தால் ஹெட் சூடேறத்தான் செய்யும். எக்ஸாஸ்ட் வால்வு கிளியரன்ஸ், அதாவது வால்வுக்கு விடவேண்டிய சின்ன இடைவெளி, இறுகியிருந்தாலும் அப்படியே. இந்த இன்ஜினில் அதைச் சரிசெய்ய ஸ்க்ரூவும் லாக்நட்டும்தான், ஒரு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) இருந்தால் காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பார்த்துவிடலாம். அப்புறம், கிராஷ் கார்டில் கட்டிய இரண்டு பெரிய லைட்டுகள், அதன் மேல் ஒரு பை, ஃபின்களுக்கு நடுவில் காய்ந்த சேறு. காற்று வரும் பாதையை நாமே அடைத்துவிட்டு இன்ஜினைத் திட்டுகிறோம். கூலர் ஃபின்னில் ஒட்டிய பூச்சிகளைத் தண்ணீர் அடித்து, பழைய டூத் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து எடுத்தாலே சில டிகிரி குறையலாம். பிரஷர் வாஷ்காரர் பக்கத்தில் நின்று அடித்தால் ஃபின் மடங்கிவிடும், அவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இதெல்லாம் பார்த்தும் ஆயில் 125, 130 என்று நிற்கிறதா? அல்லது இன்ஜினை 865 சிசி ஆக்கியிருக்கிறீர்களா? சரி, அப்போது கூலர் மாற்றுவதில் நியாயம் இருக்கிறது.

அளவைப் பொறுத்தவரை, இருக்கும் கூலரின் முகப்பரப்பை அளந்துகொள்ளுங்கள். அதைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகமுள்ளதைத் தேடுங்கள், அதுவும் உயரத்தில் கூடாமல் அகலத்தில் கூடுவதாக. குழாயும் ஃபின்னும் கொண்டதைவிட, தட்டுகளை அடுக்கிச் செய்த வகை அதே இடத்தில் அதிகச் சூட்டை எடுக்கும். மோக்கல், செட்ராப் என்று கூலர் பிராண்டுகளின் பெயர் போட்டு நகல் சரக்கும் புழங்குகிறது; பிரேஸிங் (உலோகப் பற்றவைப்பு) பிசிறடித்திருந்தால், போர்ட்டின் மரை சொரசொரவென்று இருந்தால் கையில் வாங்கியதும் தெரிந்துவிடும். சென்னையின் பழைய பாகச் சந்தையான புதுப்பேட்டையில் பழைய கூலர் மலிவாகக் கிடைக்கும். அது எந்த இன்ஜினில் இருந்து வந்தது என்று கடைக்காரருக்கே தெரியாது. பேரிங் போன இன்ஜினில் இருந்து வந்ததாக இருந்தால், உலோகத் துகள் அதன் தட்டுகளுக்குள் அடைந்திருக்கும். எந்த பெட்ரோலும் மண்ணெண்ணெயும் அதை முழுதாகக் கழுவி எடுக்காது. என்றைக்காவது ஒருநாள் அது கிளம்பி உங்கள் கிராங்குக்குப் போகும். பழசு வேண்டாம். புதுசையும் கழுவாமல் போடவேண்டாம், உள்ளே தொழிற்சாலைப் பிசிறு இருக்கும்.

ஆயில் போய்வரும் ஓஸ் விஷயத்தில் பட்டறைகளில் நடக்கும் அநியாயம் ஒன்று உண்டு. கையில் கிடைத்த ரேடியேட்டர் ஓஸ்ஸை வெட்டி, ஸ்க்ரூ கிளிப் போட்டு முறுக்கிவிடுவார்கள். ரேடியேட்டர் ஓஸ் தண்ணீருக்கான ரப்பர். ஆயில் பட்டால் ஊறிப் பஞ்சு மாதிரி ஆகும், சில மாதத்தில் கிளிப்பிலிருந்து உருவிக்கொள்ளும். உருவிக்கொண்டால் மூன்று லிட்டருக்கு மேற்பட்ட ஆயில் நேராகப் பின் டயருக்கு முன்னால் கொட்டும். ஆயில் லைட் எரிவதைக் கவனிப்பதற்குள் வண்டி கீழே கிடக்கும். ஆகவே உள்ளே டெஃப்லான், வெளியே ஸ்டீல் பின்னல் கொண்ட ஓஸ், முனையில் ஃபேக்டரியில் அழுத்திய ஃபிட்டிங். ஓஸ்ஸின் உள் துளை, கம்பெனி ஓஸ்ஸின் துளையைவிடச் சின்னதாக இருக்கவே கூடாது. ஓஸ் அளவில் ஏஎன்-6 என்றால் உள்ளே ஏறக்குறைய 9 மிமீ, ஏஎன்-8 என்றால் 11 மிமீ. அதோடு பேன்ஜோ போல்ட்டின் (ஓஸ்ஸை இன்ஜினோடு இணைக்கும், உள்ளே ஆயில் ஓடும் போல்ட்) பக்கவாட்டுத் துளைகளையும் பாருங்கள். பெரிய ஓஸ் வாங்கி, குண்டூசித் துளை போல்ட் போட்டால் பிரயோஜனம் இல்லை.

இந்தத் துளை விஷயத்தில் நான் இவ்வளவு பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. காலையில் ஆயில் கெட்டியாக இருக்கும்போது, நீளமான ஓஸ்ஸும் பெரிய கூலரும் சேர்ந்து தடை போட்டால், பம்ப் பக்கத்தில் அழுத்தம் ஏறும், அதிக அழுத்தத்தை வெளியேற்றும் ரிலீஃப் வால்வு திறக்கும், ஆயில் சம்ப்புக்கே திரும்பும். முழு ஆயிலும் கூலர் வழியாகப் போய்த்தான் பேரிங்குக்கு வரவேண்டும் என்ற அமைப்புள்ள இன்ஜினில், அந்த முதல் நிமிடங்களில் பேரிங்குக்கு வந்துசேருவது குறைந்துவிடும். உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் ஆயில் ஓடும் வழியின் படம் இருக்கும். கூலர் எந்த இடத்தில் வருகிறது, அடைத்துக்கொண்டால் தப்பிக்க வழி இருக்கிறதா என்று அதில் பாருங்கள். இதைப் பார்க்காமல் வேலையைத் தொடங்கும் மெக்கானிக்கிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

இதோடு சேர்ந்ததுதான் தெர்மோஸ்டாட், அதாவது ஆயில் சூடான பிறகே கூலருக்கு வழிவிடும் வால்வு. நம் ஊர் வெயிலுக்கு அது எதற்கு என்று கேட்பார்கள். மே மாதத்தில் வேண்டாம்தான். ஆனால் டிசம்பரில் நீங்கள் மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு ஏறும்போது, மேலே காற்று 8 டிகிரி. 40 டிகிரிக் காற்றுக்கும் 110 டிகிரி ஆயிலுக்கும் வித்தியாசம் 70; இங்கே அது 100-க்கு மேல். அதே கூலர் இங்கே ஒன்றரை மடங்கு வேகத்தில் சூட்டைப் பிடுங்கும். ஐப்பசி மழையில், முன் டயர் வாரி இறைக்கும் தண்ணீர் கூலரை நனைத்துக்கொண்டே இருந்தால் சென்னையிலேயே ஆயில் 70-இல் நின்றுவிடலாம். ஆயில் சரியாகச் சூடேறாவிட்டால், இன்ஜினுக்குள் சேரும் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகிப் போகாது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உட்புறம் மோர் ஏடு மாதிரி வெள்ளையாக ஒட்டியிருக்கும், அதுதான் அடையாளம். 80 டிகிரி வாக்கில் திறக்கும் ஆயில் தெர்மோஸ்டாட் தனியாகக் கிடைக்கிறது; மூடியிருக்கும்போதும் கொஞ்சம் ஆயிலைக் கூலர் பக்கம் கசியவிடும் வகையாக வாங்குங்கள், அப்போதுதான் கூலருக்குள் காற்று தங்காது. அதற்கு இடமில்லை என்றால், மலைக்குப் போகும்போது கூலரின் பாதியை மறைக்க ஒரு அலுமினியத் தகடு வெட்டி வைத்துக்கொள்ளலாம். இறங்கியதும் மறக்காமல் கழற்றவேண்டும்.

பொருத்தும் இடத்தில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். சென்ட்டர் ஸ்டாண்டில் வண்டி நிற்கும்போது முன் சக்கரத்துக்கும் கூலருக்கும் நடுவில் ஒரு சாண் இடம் தெரியும், தாராளமாக இருக்கிறதே என்று தோன்றும். இந்த வண்டியின் முன் ஃபோர்க் 110 மிமீ உள்ளே போகும். ஒரு பெரிய குழியில் இறங்கும்போது மட்கார்டு எங்கே வரும் என்று தெரியவேண்டுமானால், ராட்செட் பெல்ட் போட்டு ஹேண்டில்பாரை இழுத்து, ஃபோர்க்கை முழுதாக அமுக்கிவைத்துப் பாருங்கள். அந்த நிலையிலும் குறைந்தது இரண்டு விரல் இடைவெளி வேண்டும். அப்படியே ஹேண்டிலை இடமும் வலமும் முட்டும் வரை திருப்பி, ஓஸ், வயர், கிளட்ச் கேபிள் எதுவும் உரசுகிறதா என்று பாருங்கள். ஸ்டீல் பின்னல் ஓஸ் ஒரு ரம்பம். ஃப்ரேம் பெயின்ட்டை மட்டுமல்ல, வயரிங்கையும் சில வாரத்தில் அறுத்துவிடும். தொடும் இடத்தில் எல்லாம் ரப்பர் ஸ்லீவ் போடுங்கள்.

பிராக்கெட்டை ஃப்ரேமில் வெல்டிங் வைக்கவேண்டாம், கிளாம்ப் போதும். கூலருக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் ரப்பர் புஷ் கட்டாயம். விறைப்பாக முறுக்கினால் அதிர்வில் காதுப் பகுதி விரிசல் விடும். போர்ட் இரண்டும் மேல்நோக்கி இருக்கும்படி வைத்தால் காற்றுக்குமிழ் தானாக வெளியேறும். பக்கவாட்டில்தான் வைக்கமுடியும் என்றால், ஆயில் கீழே நுழைந்து மேலே வெளியேறட்டும். கல் தடுப்பு வலை போடுவதானால் அகலக் கண் வலை. கொசுவலை மாதிரி நெருக்கமானதைப் போட்டால், கூலர் பெரிதாக்கியதன் லாபம் அங்கேயே போய்விடும்.

இன்ஜின் பக்கத்து மரை அலுமினியம். டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். அதன் நூல் ஒன்று பிய்ந்து ஆயில் வழிக்குள் போனால் தேடிப்பிடிக்க இன்ஜினைப் பிரிக்கவேண்டும். புது காப்பர் வாஷர், மேனுவல் சொல்லும் டார்க் (முறுக்கு அளவு), அவ்வளவுதான். ஓஸ்ஸின் ஃபிட்டிங்கை முறுக்கும்போது இரண்டு ஸ்பேனர் பிடியுங்கள், ஒன்று கூலரின் கழுத்தைத் தாங்குவதற்கு. இல்லையென்றால் கழுத்தே திருகிக்கொண்டு வந்துவிடும்.

கடைசியில் ஆயில். மாட்டுவதற்கு முன்பே கூலரில் ஆயிலை ஊற்றி நிரப்பிக்கொள்ளுங்கள். 9 மிமீ ஓஸ் ஒரு மீட்டருக்கு 64 மில்லி பிடிக்கும், கூலர் வித்தியாசத்தோடு சேர்த்து மொத்தம் கால் லிட்டர் வாக்கில் கூடுதலாகப் போகலாம். இன்ஜின் பிடித்துக்கொள்ளாதபடி வண்டியின் பெட்ரோல் பம்ப் கனெக்டரைக் கழற்றி வைத்துவிட்டு, ஸ்டார்ட்டரை ஐந்தைந்து நொடியாக, நடுவில் ஓய்வு விட்டு, ஆயில் லைட் அணையும் வரை சுற்றுங்கள். அப்புறம் கனெக்டரை மாட்டி ஸ்டார்ட் செய்து, ஐடிலில் இரண்டு நிமிடம் விட்டு, ஒவ்வொரு மூட்டையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். நிறுத்தி, சில நிமிடம் கழித்து, சென்ட்டர் ஸ்டாண்டில் வைத்து இன்ஜினிலுள்ள ஆயில் கண்ணாடியில் அளவு பார்த்து, குறைந்ததை மட்டும் ஊற்றுங்கள். கம்பெனி சொல்லும் 10டபிள்யூ-50 கெட்டித்தன்மை, ஜாசோ எம்ஏ2 (பைக் கிளட்ச்சுக்கு ஏற்ற ஆயில் தரம்) போதும். கூலர் போட்டதற்காகவோ வெயிலுக்காகவோ கெட்டி ஆயிலுக்கு மாறவேண்டிய அவசியம் இல்லை. முதல் 50 கிலோமீட்டரில் ஒருமுறையும், முதல் ஹைவே ஓட்டம் முடிந்த அன்றே இன்னொரு முறையும் எல்லா ஃபிட்டிங்கையும் பாருங்கள். முறுக்கியதும் நட்டுக்கும் உடலுக்கும் குறுக்கே பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டுவைத்தால், தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும்.

வாரன்டி இருக்கும் வண்டி என்றால், இன்ஜின் சம்பந்தமான எந்தப் புகாருக்கும் சர்வீஸ் சென்டர் இதைக் காரணம் காட்ட முடியும் என்பதைத் தெரிந்துகொண்டே செய்யுங்கள். கழற்றிய பழைய கூலரையும் ஓஸ்ஸையும் முனைகளை மூடி, எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். ஊருக்கு வெளியே போகும்போது சீட்டுக்கு அடியில் இரண்டு காப்பர் வாஷரும், பெட்டியில் அரை லிட்டர் ஆயிலும் இருக்கட்டும்.